பி.காம்., எல்.எல்.பி. முடித்தால் பிள்ளை ஆடிட்டரா, வக்கீலா?

தங்கச்சிமடத்தில் இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். அவரும் அவர் மச்சானும் பாதிப் பாதி பணம் போட்டு ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்கள். மகள் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு, ஆறாம் வகுப்பில் இருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்குப்பதிவியலில் நல்ல மதிப்பெண் வரும் என்கிறார். "ஒரு வாரம் ஆடிட்டர் ஆகணும்னு சொல்லுது, மறு வாரம் வக்கீல்ங்குது. சென்னையில இருக்கிற சொந்தக்காரர், ரெண்டையும் ஒண்ணாப் படிக்கிற அஞ்சு வருசப் படிப்பு இருக்கு, சேர்த்துவிடுங்கங்கிறார். அதை முடிச்சா பிள்ளை ஆடிட்டரா, வக்கீலா? நம்ம ஊர்ல அதுக்கு வேலை இருக்கா?" இதுதான் கேள்வி.

அண்ணே, முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: வக்கீல்.

சொந்தக்காரர் சொன்ன படிப்புக்குப் பெயர் பி.காம்., எல்.எல்.பி. (ஆனர்ஸ்). ஐந்து ஆண்டு. கணக்குப்பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, வரி என்று வணிகவியல் பாடங்களும், ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்பு, குற்றவியல், சொத்துரிமை, கம்பெனிச் சட்டம் என்று சட்டப் பாடங்களும் கலந்து வரும். முடித்தவர், வக்கீல்களைப் பதிவு செய்கிற அமைப்பான பார் கவுன்சிலில் பதிவு செய்து வக்கீல் ஆகலாம். ஆனால் ஆடிட்டர் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சி.ஏ. பட்டயத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்க முடியாது. அது 1949-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம் தனியாக நடத்துகிற தேர்வு. பவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படி, நடுவில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிக்கிள்ஷிப் என்கிற வேலைப் பயிற்சி. இந்த ஐந்தாண்டுப் பட்டம் அங்கே கொடுக்கிற சலுகை ஒன்றுதான்: வணிகவியல் பட்டதாரி என்ற வகையில் 55 சதவீதம் இருந்தால் பவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்றதெல்லாம் எல்லோரையும் போலத்தான்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். சட்டப் படிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஆர்ட்டிக்கிள்ஷிப்புக்குப் பகல் முழுக்க ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரே பகலை இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. இரண்டும் வேண்டும் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான், எட்டு ஒன்பது வருடம் ஆகும். அப்படி இரண்டும் வாங்கினாலும், சி.ஏ. தொழிலையும் வக்கீல் தொழிலையும் சேர்த்து நடத்த பார் கவுன்சில் இடம் கொடுப்பதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் "டபுள் டிகிரி" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் வணிகவியலும் சட்டமும் சேர்த்து ஐந்து வருடத்துக்குள் இரண்டு தனித்தனிப் பட்டம் வாங்குவது வழக்கம்தான். அங்கே கணக்காளர் அமைப்புகள் அந்தப் பட்டத்தை ஏற்று, தங்கள் தேர்வில் சேர்த்துக்கொள்கின்றன. அந்த ஊர்க் கதையை வைத்து நம் ஊர்ப் படிப்பை அளந்தால் ஏமாற்றம்தான் வரும்.

அப்படியானால் எதற்கு இந்தக் கலவை என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். கணக்கு படிக்கத் தெரிந்த வக்கீல் நம் கடற்கரைக்கு மிகவும் தேவை. அந்தத் தேவையை என் மேசையில் நான் நேரில் பார்த்தவள்.

நான் ராமநாதபுரத்தில் வக்கீல். பி.காம். இங்கேயே படித்தேன், அப்புறம் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு மதுரை போனேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு படகுக்காரர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே முழுக்கத் துண்டுச் சீட்டு. மீன் வியாபாரியிடம் 3,00,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கி, புரோநோட்டு, அதாவது கடன் பத்திரம், எழுதிக் கொடுத்திருக்கிறார். பாடு, அதாவது பிடித்து வரும் மீன், எல்லாம் அந்த வியாபாரிக்கே. ஒவ்வொரு நாள் கரை திரும்பியதும் மீன் விலை போட்டு, கழிவு பிடித்து, மிச்சம் கையில் கொடுத்து ஒரு சீட்டு எழுதித் தருவார். இரண்டு வருடம் கழித்து மனஸ்தாபம் வந்து வேறு வியாபாரிக்கு மீன் போட்டதும், பழையவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார்: அசல் 3,00,000 அப்படியே நிற்கிறது, வட்டியோடு கொடு.

படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "தினமும் பிடிச்சுக்கிட்டுத்தானம்மா குடுத்தாரு."

ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தேன். இறாலும் கணவாயும் சங்காயம் என்கிற கழிவு மீனும் சேர்த்து விற்றது 84,000. அடுத்த வரியில் "கழிவு 9,200". அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயம் ஒளிந்திருந்தது. வியாபாரியின் கமிஷன் நூற்றுக்கு ஐந்து, அதாவது 4,200. அது அவருக்கு வருமானம், நம்மவருக்குச் செலவு. மீதி 5,000 கடனில் கழிய வேண்டிய தொகை. அது செலவே இல்லை, கடன் குறைவது. கணக்கில் இரண்டும் வேறு வேறு பேரேட்டுக்குப் போக வேண்டியவை. சீட்டில் இரண்டையும் ஒரே சொல்லில் எழுதியதால், "கழிவு முழுக்க என் கமிஷனும் ஐஸ் செலவும்தான்" என்று அவரால் சொல்ல முடிந்தது.

நான் செய்தது பெரிய சட்ட வித்தை இல்லை. டின்னில் இருந்த 52 சீட்டையும் தேதி வாரியாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் விற்ற தொகைக்கு ஐந்து சதவீதம் போட்டு, கழிவில் இருந்து நீக்கினேன். ஐஸுக்குத் தனிச் சீட்டு இருந்தது, ஐஸ் கம்பெனிக்குப் படகுக்காரரே நேரில் பணம் கட்டியிருந்தார். ஆக, மிஞ்சியது எல்லாம் கடனுக்குப் போனது. கூட்டிப் பார்த்தால் 2,37,000. நிற்பது 63,000.

இனிமேல்தான் சட்டம். புரோநோட்டில் கையெழுத்து இருந்தால் பணம் வாங்கியதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. திருப்பிக் கொடுத்தேன் என்று காட்டும் பாரம் கடன் வாங்கியவர் மேல். பணம் கொடுத்தபோதெல்லாம் புரோநோட்டின் பின்பக்கத்தில் வரவு எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. வியாபாரி தன் கணக்கு நோட்டைக் காட்டினார். முறையாக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியமாக ஏற்கலாம், ஆனால் அதை மட்டுமே வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 34-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 28-வது பிரிவு. எங்கள் துண்டுச் சீட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு: தனித்தனித் தாள் கணக்குப் புத்தகம் ஆகாது என்று ஜெயின் டைரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-ல் சொல்லிவிட்டது. ஆனால் இந்தச் சீட்டுகள் வியாபாரி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவை. கணக்குப் புத்தகமாக அவை நிற்காது. அவர் கைப்பட்ட ஒப்புதலாக நிற்கும். பட்டியலைப் பார்த்ததும் எதிர்தரப்பு வக்கீல் ஒத்துக்கொண்டார். 63,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

அந்த டின்னை எனக்கு முன்னால் இன்னொரு வக்கீலும் பார்த்திருக்கிறார். சட்டம் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் சீட்டைக் கூட்டிப் பார்க்கவில்லை. நல்ல கணக்கர் ஒருவர் பார்த்திருந்தால் 2,37,000 என்று சொல்லியிருப்பார், ஆனால் அதைக் கோர்ட்டில் எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு அறிவும் ஒரே தலையில் இருப்பதன் பயன் இதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், மகளிடமே கேட்டுப் பாருங்கள். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் முதல் பாடமே "முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்". அந்த டின்தான் அது. அப்புறம் கூட்டாண்மை வரும். ஒப்பாவணம், அதாவது கூட்டாளிகள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப் பத்திரம், இல்லை என்றால் இலாபம் சமமாகப் பிரிய வேண்டும், கூட்டாளி கொடுத்த கடனுக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி என்று மனப்பாடம் செய்திருப்பாள். அந்த 6 சதவீதத்தைப் பாடப்புத்தகம் எழுதியவர் தாமாக வைக்கவில்லை. 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு அது. கணக்கு என்று நினைத்துப் படித்த இடத்தில் பாதி சட்டத்தைத்தான் பிள்ளை படித்திருக்கிறாள்.

நீங்களும் மச்சானும் வைத்திருக்கும் படகும் அந்தப் பாடம்தான், அண்ணே. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் சேர்ந்து தொழில் செய்து இலாபத்தைப் பிரித்துக்கொள்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அது பெரும்பாலும் கூட்டாண்மையாகவே நிற்கும். நாளைக்கு இன்ஜின் வேலைக்கு நீங்கள் கூடுதலாக ஒரு லட்சம் போட்டால், அது கடனா, பங்கா? பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் என்றால், வெளியாள் ஒப்பந்தத்தை மீறினாலும் அவர் மேல் வழக்குப் போட 69-வது பிரிவு விடாது. படகில் வரும் ஆட்களும் பங்குக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் கூட்டாளிகளா? இல்லை. கூலிக்குப் பதிலாக இலாபத்தில் பங்கு வாங்குவதால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டத்தின் 6-வது பிரிவு விளக்குகிறது. நஷ்டம் வந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது என்பதற்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம். "பங்கு" என்று ஒரே சொல்லை நாம் இரண்டு அர்த்தத்தில் பேசுகிறோம். இப்படிச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பதில் உங்கள் மகளுக்கு ஆசை இருந்தால் இந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்தும்.

சரி, எங்கே படிப்பது?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி சென்னை பெருங்குடியில் இருக்கிறது. அங்கே பி.காம்., எல்.எல்.பி. (ஆனர்ஸ்) உண்டு. நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதனால் போட்டி கடுமை. திருச்சியில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் இதே படிப்பு இருக்கிறது, ஆனால் கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 120 கேள்வி, இரண்டு மணி நேரம், முழுக்க ஆங்கிலம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கட்டணமும் அரசுக் கல்லூரியைவிடப் பல மடங்கு. தனியாரில் தஞ்சாவூர் சாஸ்திராவில் இருக்கிறது. உங்கள் நிலையில் நான் பெருங்குடியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதற்கு முன்னால் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். இதைச் சேரும்போது யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஐந்தாண்டுப் படிப்பை நடுவில் நிறுத்தினால் பி.காம். மட்டும் தனியாகக் கிடைக்காது. பார் கவுன்சிலின் 2008 விதிகளில் 13-வது விதி இதைத் தெளிவாகத் தடுக்கிறது. மூன்று வருடம் முடித்து, வீட்டில் ஏதோ ஆகி, பிள்ளை திரும்பி வந்துவிட்டால் கையில் ஒரு பட்டமும் இருக்காது. கடல் தொழில் வீட்டில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது. ஒரு புயலில் படகு உடையலாம், எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகையே பிடித்துக்கொண்டு போகலாம். அந்த வருடம் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்றைக்கே ஒரு பதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

அந்தப் பதில் கைவசம் இல்லை என்றால், நான் வந்த வழி ஒன்றும் குறைச்சல் இல்லை. இங்கேயே ஒரு கலைக் கல்லூரியில் மூன்று வருடம் பி.காம்.; அது முடிந்ததும் பட்டம் கையில். அப்புறம் மூன்றாண்டு எல்.எல்.பி. 2017 முதல் ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நான் படித்த காலத்தில் அது இல்லை. மொத்தம் ஆறு வருடம், ஒரு வருடம்தான் கூடுதல். விடுதிச் செலவு கிடையாது. பி.காம். முடித்த அன்று மனசு மாறி சி.ஏ. பக்கம் போக நினைத்தாலும் கதவு திறந்திருக்கும். ஒரு வாரம் ஆடிட்டர், மறு வாரம் வக்கீல் என்று ஊசலாடுகிற பிள்ளைக்கு இந்த மூன்று வருட அவகாசம் நல்லது என்றே நான் நினைக்கிறேன். மகள் உறுதியாக வக்கீல்தான் என்று நின்றால் ஐந்தாண்டுக்கு அனுப்புங்கள். ஊசல் நிற்கவில்லை என்றால் ஆறாண்டு வழி.

பணத்துக்கு இரண்டு விஷயம். ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு, 2021-ம் ஆண்டுச் சட்டம். சட்டப் படிப்பும் அதில் அடக்கம். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள். விண்ணப்பிக்கிற வாரத்தில் தலைமை ஆசிரியர் ஊரில் இருக்க மாட்டார்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். ஆனர்ஸ் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். பேரேடு, இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு என்று தெரிந்த விஷயத்தையே வேறு பெயரில் கேட்கும்போது ஒன்றும் தெரியாதது போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு ஒன்றை வாங்கி, தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழி சீக்கிரம் பிடிபடும். கடைசியில் இங்கே முன்சீப் கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பது தமிழில்தான். அன்றைக்கு அவள் தமிழ் அவளுக்குப் பெரிய பலமாக இருக்கும்.

படிப்பு முடிந்த பிறகு சென்னையில் பார் கவுன்சிலில் பதிவு, அப்புறம் அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் முன்பெல்லாம் ஆயிரக்கணக்கில் இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் ஆகும் ஆசை இருந்தால் மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், இது 2025 மே மாதத் தீர்ப்பு.

நம் ஊரில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். செக் ரிட்டர்ன் வழக்கு மட்டுமே எத்தனை வருகிறது தெரியுமா? வங்கியில் இருந்து செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் வழக்கு. நாள் தவறினால் வழக்கே சிக்கலாகிவிடும். அதில் பாதி வேலை தேதிக் கணக்கு, பாதி பணக் கணக்கு. கீழக்கரையில் வியாபாரக் குடும்பங்களின் பாகப் பிரிவினை, ராமேஸ்வரத்தில் லாட்ஜுகளின் ஜி.எஸ்.டி. நோட்டீஸ், மண்டபம் பக்கம் நண்டு, கணவாய் வாங்கும் ஏற்றுமதிக்காரர்களின் ஒப்பந்தம், கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுக் கடன், முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் வியாபாரிகளின் நிலுவை. எல்லாவற்றிலும் ஒரு நோட்டும் ஒரு பிரிவும் வரும். ஜி.எஸ்.டி. அதிகாரி முன்னாலும் வருமான வரித் தீர்ப்பாயத்திலும் வக்கீல் நேரடியாக ஆஜராகலாம். ஆனால் வரித் தணிக்கை அறிக்கையிலும் கம்பெனித் தணிக்கையிலும் சி.ஏ. மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். அந்த எல்லையை மறக்கக் கூடாது. வரி பக்கம் போகிற வக்கீலுக்கு ஒரு நல்ல ஆடிட்டர் துணை எப்போதும் வேண்டும், ஆடிட்டருக்கும் அப்படியே.

முதல் மூன்று நான்கு வருடம் கையில் அதிகம் வராது. சீனியரிடம் ஜூனியராக இருக்கும்போது பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வந்தால் பெரிது. வக்கீலாகப் பதிவு செய்தவர் முழு நேரச் சம்பள வேலையிலும் இருக்க முடியாது. கணக்கு தெரிந்த ஜூனியருக்கு ஒரு வசதி உண்டு: வரி, வங்கிக் கோப்புகளைச் சீனியர்கள் தேடி வந்து கொடுப்பார்கள். மாதச் சம்பளம்தான் உடனே வேண்டும் என்றால், படிக்கும்போதே கம்பெனி செகரட்டரி தேர்வையும் எழுதிக்கொண்டு வரலாம். பாடங்கள் நிறைய ஒத்துப்போகும், சி.ஏ. அளவுக்கு நேரம் மோதாது. ஆனால் அந்த வேலை சென்னை, பெங்களூருப் பக்கம்தான்.

ஒரு காரியம் செய்யுங்கள். ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். மகளுக்கும் பரீட்சை முடிந்திருக்கும். போன வருடத்துப் படகுக் கணக்கு நோட்டையும் வியாபாரி கொடுத்த சீட்டுகளையும் அவள் கையில் கொடுங்கள். டீசல், ஐஸ், ரேஷன், கமிஷன், அட்வான்ஸ் கழிவு, ஆள் பங்கு, உங்கள் பங்கு, மச்சான் பங்கு என்று தனித்தனிக் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். நோட்டில் இல்லாததை உங்களிடமும் மச்சானிடமும் கேட்டு எழுதட்டும். மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், பின்னால் மனக்கசப்பு வேண்டாம். எழுதி முடித்ததும் அந்த நோட்டோடு பிள்ளையை ஒரு சனிக்கிழமை ராமநாதபுரம் கூட்டி வாருங்கள் அண்ணே, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். அட்வான்ஸ் புரோநோட்டு நகல் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பின்பக்கம் வரவு எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.